மைக்கேல் ஹாம்பர்க்: ஐம்பத்தைந்து வயதில், மூன்றாவது நாட்டில், ஓர் இசைப்பள்ளி

கேள்வி இதுதான்: கனடாவின் டொராண்டோ நகரில் ஹாம்பர்க் கன்சர்வேட்டரி என்றொரு இசைப்பள்ளி இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்த பியானோ கலைஞர் ஒருவர் அதை நிறுவினார். அவர் யார்? நாற்பது ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்ட ஒரு பள்ளிக்கு இசை வரலாற்றில் அப்படி என்ன இடம்?

அவர் பெயர் மைக்கேல் ஹாம்பர்க். 1855-இல் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் பிறந்தார். 1911-இல் டொராண்டோவில் பள்ளியைத் தொடங்கினார். 1916-இல் அதே ஊரில் இறந்துபோனார். பள்ளி அவருக்குப் பிறகும் நடந்து 1951-இல் மூடப்பட்டது. இவ்வளவுதான் என்று எண்ணினால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தவர்களில் தலைசிறந்தவர் எனப் போற்றப்படும் ஜெரால்ட் மூர், சிறுவனாக இருந்தபோது இந்த மனிதரிடம்தான் பாடம் கேட்டார். கனடாவின் உலகப்புகழ் பெற்ற பியானோ கலைஞர் க்ளென் கூல்டின் குருவை டொராண்டோவுக்கு வரவழைத்ததும் இந்தப் பள்ளிதான். ஒரு பள்ளியை அதன் கட்டிடத்தையும் ஆயுளையும் வைத்து அளப்பது தவறு. யாரை அது அழைத்து வந்தது, யார் கையில் யாரை ஒப்படைத்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஹாம்பர்க்கின் பள்ளி கனடாவின் இசைக்குச் செய்தது மிகப் பெரிது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் ரஷ்யா. ஹாம்பர்க் பிறந்தபோது அந்த நாட்டில் கன்சர்வேட்டரி என்ற ஒன்றே கிடையாது. பியானோ மேதை அந்தோன் ரூபின்ஸ்டீன் 1862-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், அவருடைய தம்பி நிக்கோலாய் 1866-இல் மாஸ்கோவிலும் இசைக் கல்லூரிகளைத் தொடங்கிய பிறகுதான் இசைக் கலைஞன் என்பவனுக்கு அங்கே சட்டப்படி ஒரு தகுதி வந்தது. கன்சர்வேட்டரியில் தேறியவருக்குச் 'சுதந்திரக் கலைஞர்' என்ற பட்டம் கிடைக்கும். ஹாம்பர்க் யூதக் குடும்பத்தவர். யூதர்கள் பேரரசின் மேற்குப் பகுதியில் வகுக்கப்பட்ட எல்லைக்குள்தான் வசிக்கலாம் என்ற சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அந்த எல்லையைத் தாண்டிக் குடியிருக்கும் உரிமையை ஒரு யூதருக்குத் தரக்கூடிய சில தகுதிகளில் இந்தப் பட்டமும் ஒன்று. ரஷ்ய யூதக் குடும்பங்கள் பிள்ளைகளின் கையில் வயலினையும் செல்லோவையும் கொடுத்ததற்கும், பியானோ முன் உட்கார வைத்ததற்கும் இசைப்பற்று ஒரு காரணம் என்றால், இது மற்றொரு காரணம். இசையே அவர்களுக்கு வாழும் உரிமையாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்தத் தலைமுறையின் கடும் உழைப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

ஹாம்பர்க் ரூபின்ஸ்டீன் சகோதரர்களின் மரபில் பயின்றவர். படிப்பு முடிந்ததும் தெற்கே வரோனெஷ் பகுதியில் ஆசிரியராக இருந்தார். மூத்த மகன் மார்க் 1879-இல் அந்த மாகாணத்தின் பகுச்சார் என்ற சிற்றூரில் பிறந்தான். அடுத்து 1882-இல் ஜான், 1885-இல் போரிஸ், இருவரும் வரோனெஷில். இதற்கிடையே 1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து யூதர்கள் மீது வன்முறை வெடித்தது. அடுத்த ஆண்டே அவர்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டங்கள் வந்தன. இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டுப் புறப்பட்ட காலம் அது.

மார்க்குக்குப் பியானோவின் முதல் பாடம் தந்தையிடம். அசாதாரணமான கை. 1888-இல், ஒன்பது வயதில், மாஸ்கோவில் மேடையேறினான். 1890 வாக்கில் குடும்பம் லண்டனுக்கு வந்தபோது, 'மாக்ஸ் ஹாம்பர்க்' என்ற பெயரில் அந்த ஊர் மக்கள் முன் வாசித்தான். குழந்தை மேதைகளின் கதை பெரும்பாலும் எப்படி முடியும் என்பது நமக்குத் தெரியும். தந்தை கூடவே திரிவார், நிகழ்ச்சிகள் குவியும், பணம் வரும், பதினைந்து வயதில் பையன் வெறுமையாகிவிடுவான். ஹாம்பர்க் அந்த வழியில் போகவில்லை. போலந்தின் புகழ்பெற்ற பியானோ கலைஞர் பாடெரெவ்ஸ்கி உள்ளிட்ட பெரியவர்கள் சிறுவனைக் கேட்டு வியந்து உதவ முன்வந்தபோது, மேடையிலிருந்து அவனை இறக்கி வியன்னாவுக்கு அனுப்பினார். பாடெரெவ்ஸ்கிக்கே குருவான தியோடோர் லெஷெடிட்ஸ்கியிடம் சில ஆண்டுகள் படிக்க வைத்தார். தானே பியானோ ஆசிரியராக இருந்துகொண்டு, தன் தலைமகனை இன்னொரு பியானோ ஆசிரியரிடம் ஒப்படைக்க எவ்வளவு தெளிவு வேண்டும்! தன் எல்லை எது என்று தெரிந்த ஆசிரியரால் மட்டுமே முடிகிற காரியம் இது.

மற்ற இரு மகன்களுக்கும் அதே நெறிதான். ஜானுக்கு வயலின், பிராகில் செவ்சிக், பிறகு பெல்ஜியத்தின் இசாயி என்று அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர்களிடம் அவன் பயின்றான். போரிஸுக்குச் செல்லோ, லண்டனில் ஹெர்பர்ட் வாலன், பிராங்க்ஃபர்ட்டில் ஹியூகோ பெக்கர். மூன்று பிள்ளைகள், மூன்று கருவிகள், சேர்ந்து உட்கார்ந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு முழு ட்ரியோ, அதாவது மூவர் இசைக்குழு. கடைசிப் பிள்ளை க்ளெமென்ட் 1900-இல் லண்டனில் பிறந்தான். அவனும் பியானோவுக்கே வந்தான்.

லண்டனில் இருபது ஆண்டுகள். மார்க் உலகம் சுற்றும் கலைஞராகிவிட்டார். கிராமபோன் இசைத்தட்டுகள் பரவத் தொடங்கியதும் ஆங்கிலேய வீடுகளில் அவர் வாசிப்பு ஒலித்தது. ஐம்பத்தைந்து வயதுத் தந்தை, புகழ்பெற்ற மகனின் நிழலில் சில மாணவர்களோடு நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1910-இல் போரிஸை அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

அப்போதைய டொராண்டோவைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வேண்டும். நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை. பெரும்பாலும் பிரிட்டிஷ் வம்சாவளியினர், கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள். ஞாயிற்றுக்கிழமையில் கடையும் கேளிக்கையும் நடக்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1906-இல் வந்திருந்தது. ஆனால் இசை இல்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. 1894-இல் திறக்கப்பட்ட மாசி ஹால் இருந்தது. அதே ஆண்டு தோன்றிய மெண்டல்சன் சேர்ந்திசைக் குழு அமெரிக்காவிலும் பெயரெடுத்திருந்தது. ஹெயின்ட்ஸ்மன் போன்ற நிறுவனங்கள் அந்த ஊரிலேயே பியானோ செய்தன. ஓரளவு வசதியுள்ள வீட்டின் முன்னறையில் பியானோ இருப்பது வழக்கம். 1886-இல் நிறுவப்பட்ட டொராண்டோ கன்சர்வேட்டரி ஏற்கெனவே வலுவாக வேரூன்றி, ஊர் ஊராகக் கிரேடு தேர்வுகள் நடத்திவந்தது. இன்று கனடாவில் நம் குழந்தைகள் எழுதும் ஆர்.சி.எம். (ராயல் கன்சர்வேட்டரி ஆஃப் மியூசிக்) தேர்வுகள் அந்த நிறுவனத்துடையவைதான். 'ராயல்' என்ற அடைமொழி அதற்கு 1947-இல் சேர்ந்தது.

ஆக, இசைப்பள்ளிக்குப் பஞ்சமில்லை. ஊர் இசையின் பெரும்பகுதி மாதா கோவில் ஆர்கனிலும் சேர்ந்திசையிலும் இங்கிலாந்தின் வழியில் வளர்ந்தது. மேடைக் கலைஞனை உருவாக்கும் ஐரோப்பியப் பயிற்சி, அதிலும் ரூபின்ஸ்டீன் மரபும் லெஷெடிட்ஸ்கி மரபும் கலந்த வீட்டிலிருந்து நேரடியாக வரும் பயிற்சி, அங்கே அரிது. ஹாம்பர்க் கொண்டுவந்தது அதைத்தான். 1911-இல் மகன்கள் ஜானும் போரிஸும் துணை நிற்கப் பள்ளி தொடங்கியது. பியானோவுக்குத் தந்தை, வயலினுக்கு ஒரு மகன், செல்லோவுக்கு இன்னொரு மகன். மாலையில் அவர்களே மேடையேறி வாசித்தும் காட்டினார்கள். காலையில் சொல்லிக் கொடுத்ததை மாலையில் செய்துகாட்டும் ஆசிரியர்கள் ஒரு ஊருக்குக் கிடைப்பது பெரும் பேறு.

கனடாவுக்குள் குடியேற்றம் பொங்கி வழிந்த ஆண்டுகள் அவை. 1913-இல் மட்டும் சுமார் நான்கு லட்சம் பேர் வந்திறங்கினார்கள். அவர்களுக்குள் இங்கிலாந்தின் வாட்ஃபர்ட் நகரைச் சேர்ந்த ஒரு குடும்பமும் இருந்தது. அதில் ஜெரால்ட் என்றொரு பதின்மூன்று வயதுப் பையன். அவன் ஹாம்பர்க்கிடம் சேர்ந்தான். ஹாம்பர்க் இறந்தபோது அவனுக்குப் பதினேழு வயதுகூட நிறையவில்லை. அதாவது இந்தக் குருவிடம் அவனுக்குக் கிடைத்தது அதிகம் போனால் மூன்று ஆண்டுகள்.

குரு போனதோடு அந்த உறவு அறுந்திருக்க வேண்டும். அறவில்லை. பையன் மௌனப் படம் ஓடும் தியேட்டரில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தான். போரிஸ் ஹாம்பர்க் செல்லோவோடு கனடாவைச் சுற்றி வந்தபோது அவனைப் பக்கவாத்தியத்துக்கு அழைத்துச் சென்றார். 1919-இல் மேற்படிப்புக்காக அவன் இங்கிலாந்து திரும்பியபோது போய்ச் சேர்ந்த இடம், குருவின் மூத்த மகன் மார்க் ஹாம்பர்க். தந்தையின் மாணவனை ஒரு மகன் மேடைக்குப் பழக்கினார், இன்னொரு மகன் லண்டனில் ஏற்றுக்கொண்டார். பள்ளியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நின்றது ஒரு குடும்பம் என்பதன் பயன் இதுதான். பிற்பாடு, தனிக் கலைஞனாகப் போகாமல் பக்கவாத்தியத்தையே வாழ்க்கையாகக் கொள் என்று ஆங்கிலேய இசை நடத்துநர் லாண்டன் ரொனால்ட் அவனுக்கு அறிவுரை சொன்னார். மூர் அதைச் சிரமேற்கொண்டு, பாடகருக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அந்த வேலையைச் சமமான கலையாக உயர்த்தினார். 1967 பிப்ரவரியில் லண்டனில் அவர் விடைபெற்ற கச்சேரியில் பாட வந்தவர்கள் ஃபிஷர்-டீஸ்காவ், ஷ்வார்ட்ஸ்கோப்ஃ, விக்டோரியா டி லாஸ் ஏஞ்செலஸ். மூவரும் பாடி முடித்த பின், இசைக்கு நன்றி சொல்லும் ஷூபர்ட்டின் பாடலை மூர் பியானோவில் தனியே வாசித்து விடைபெற்றார். டொராண்டோவின் ஒரு பாட அறையிலிருந்து அந்த மேடைவரை நீளும் பாதையை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஜானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தந்தை இறந்த அதே 1916-இல் அவர் இசபெல் மக்ளங் என்ற பிட்ஸ்பர்க் பெண்ணை மணந்தார். அமெரிக்க நாவலாசிரியை வில்லா கேத்தர் என்பவருக்கு இசபெல் உயிர்த்தோழி. அதனால் இலக்கிய ஆய்வாளர்கள் ஜானின் பெயரை அடிக்கடி எழுதுகிறார்கள். பின்னர் தம்பதியர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். பள்ளிப் பொறுப்பு போரிஸின் தோளில் விழுந்தது.

இங்கேதான் கதையின் மிகப் பெரிய திருப்பம் வருகிறது. 1918-இல் ஆல்பெர்ட்டோ கெர்ரேரோ என்ற சிலி நாட்டுப் பியானோ கலைஞர் ஹாம்பர்க் கன்சர்வேட்டரியில் ஆசிரியராக வந்து சேர்ந்தார். 1886-இல் லா செரெனா என்ற ஊரில் பிறந்தவர். டெபுஸி, ராவெல் போன்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் புதிய இசையைத் தன் நாட்டில் முன்னின்று வாசித்தவர். வீட்டிலேயே இசை கற்றவர், எந்தப் பெரிய ஐரோப்பியக் கல்லூரியின் முத்திரையும் இல்லாதவர். அவரைக் கண்டுகொண்டு அழைத்தது ஹாம்பர்க் பள்ளி. ஹாம்பர்க் ட்ரியோவிலும் அவர் போரிஸோடு சேர்ந்து வாசித்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1922-இல், கெர்ரேரோ போட்டிப் பள்ளியான டொராண்டோ கன்சர்வேட்டரிக்கு மாறிவிட்டார். ஹாம்பர்க் பள்ளிக்கு அது இழப்பு, ஊருக்கு இழப்பில்லை. இறுதிவரை அவர் டொராண்டோவிலேயே இருந்து, 1959-இல் இறந்தார். 1943 முதல் 1952 வரை அவரிடம் படித்த சிறுவன் க்ளென் கூல்ட். ஜான் பெக்வித், மர்ரி ஷேஃபர் போன்று பின்னாளில் கனடாவின் முக்கிய இசையமைப்பாளர்களானவர்களும் அவருடைய மாணவர்களே.

கெர்ரேரோ சொல்லிக் கொடுத்த ஒரு பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வலது கையைத் தளர்வாக, விரல் நுனிகள் கட்டைகளைத் தொடும்படி வைக்க வேண்டும். அந்தக் கை தானாக எதுவும் செய்யக் கூடாது. இடது கை விரலால் வலது கையின் ஒரு விரல் நுனியைத் தட்ட வேண்டும். கட்டை அடிவரை போய், தானே மேலெழும். விரலும் அதோடு எழும். ஒரு பகுதியின் எல்லாச் சுரங்களையும் இப்படி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் போக வேண்டும். கட்டையை இறக்க எவ்வளவு குறைந்த விசை போதும் என்பதை விரல் அப்போது உணர்ந்துகொள்ளும். பிறகு தட்டாமல், அதே லாகவத்தோடு, விரல்கள் தாமே வாசிக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் கூல்டின் வாசிப்பில் எந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கோத்த மணிபோல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பியானோ முன் தாழ்வாக உட்காருவதும் கெர்ரேரோவின் வழக்கம்தான். கூல்டுக்கு உலகப்புகழ் தந்த, 1955-இல் பதிவான பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை (ஒரே மெட்டின் பல மாறுபாடுகளாக அமைந்த படைப்பு), 1930-களிலேயே டொராண்டோ மேடையில் வாசித்தவர் அவர். நவீன இசையமைப்பாளர் ஷோன்பர்க்கின் இசையைக் கூல்டுக்கு அறிமுகம் செய்ததும் அவரே. பிற்காலத்தில் கூல்ட், தான் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவன் என்ற தோரணையில் பேச விரும்பினார். மேதைகளுக்கு அப்படித் தோன்றுவது உண்டு. ஆனால் குருவை மறைக்கும் அந்தப் பேச்சை நாமும் அப்படியே திருப்பிச் சொல்வது நியாயமில்லை. கெர்ரேரோவை மறப்பது ஒரு அநியாயம் என்றால், அவரை அந்த ஊருக்குக் கொண்டுவந்த பள்ளியை மறப்பது இரண்டாவது அநியாயம்.

போரிஸின் பங்களிப்பும் சாதாரணமானதல்ல. 1924-இல், பின்னாளில் கனடாவின் கவர்னர் ஜெனரலான வின்சென்ட் மாசியின் ஆதரவில் ஹார்ட் ஹவுஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு முழுநேரமாகச் செயல்படத் தொடங்கியது. ஹங்கேரியிலிருந்து வந்த கெசா டி க்ரெஸ் முதல் வயலின், ஹாரி அடாஸ்கின் இரண்டாம் வயலின், மில்டன் பிளாக்ஸ்டோன் வயோலா, போரிஸ் செல்லோ. வெளிநாடுகளில் பெயர் பெற்ற முதல் கனடியக் குவார்டெட் இதுதான். 1928 ஜனவரியில் ராவெல் நியூயார்க்குக்கு வந்தபோது, அவருடைய படைப்புகளுக்கென்றே நடந்த கச்சேரியில் இவர்கள் வாசித்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும், 1946-இல் குழு கலையும் வரை போரிஸ் மட்டும் தன் இடத்தில் இருந்தார்.

பிறகு ஏன் பள்ளி மூடப்பட்டது? தனி ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்டுவதைவிட, பக்கத்தில் இருந்த டொராண்டோ கன்சர்வேட்டரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் அரவணைப்பு இருந்தது. நாடெங்கும் பரவிய தேர்வு முறை இருந்தது, அதனால் யார் இயக்குநராக வந்தாலும் அது ஓடும். ஹாம்பர்க் கன்சர்வேட்டரி ஒரு குடும்பத்தின் பள்ளி. அதன் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனம். போரிஸுக்கு அறுபத்தாறு வயதானபோது பள்ளி மூடப்பட்டது; மூன்று ஆண்டுகளில் அவரும் மறைந்தார். குடும்ப நிறுவனங்கள் மீது எனக்குக் கண்மூடித்தனமான பற்று இல்லை. ஆனாலும் மூர் போன்ற ஒரு பையனைக் கண்டம் தாண்டிக் கைமாற்றிக் காப்பாற்றும் அக்கறை, தேர்வுத்தாள் அனுப்பும் அலுவலகத்திடமிருந்து வராது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒருவர் மிச்சம். கடைக்குட்டி க்ளெமென்ட். ரஷ்ய மரபில் வளர்ந்த செவ்வியல் பியானோ கலைஞர், 1946-இல் டொராண்டோவில் 'ஹவுஸ் ஆஃப் ஹாம்பர்க்' என்ற பெயரில் ஜாஸ் கலைஞர்கள் கூடும் இடம் ஒன்றைத் திறந்தார்! மற்ற இடங்களில் வேலை முடிந்த கலைஞர்கள் நள்ளிரவுக்குப் பிறகு வந்து, நடனத்துக்காகவோ மதுக்கடைக்காகவோ அல்லாமல், தங்களுக்குப் பிடித்ததை விடியும்வரை வாசிப்பார்கள். மது கிடையாது. மனைவி ரூத் சமையலைப் பார்த்துக்கொண்டார். நார்மன் அமாடியோ போன்ற டொராண்டோவின் ஜாஸ் பியானோ கலைஞர்கள் அங்கே தங்களைத் தீட்டிக்கொண்டார்கள். இடம் மாறி மாறி 1963 வரை அது நடந்தது. வரோனெஷில் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன தந்தைக்கு ஜாஸ் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுக்கும் குணம் அப்பாவிடமிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

கேட்டுப் பார்க்க விரும்பினால், மூத்த மகனிலிருந்து தொடங்குங்கள். மார்க் ஹாம்பர்க் 1929-இல் மால்கம் சார்ஜென்ட் நடத்திய இசைக்குழுவோடு பதிந்த பீத்தோவனின் மூன்றாம் பியானோ கன்செர்ட்டோ இணையத்தில் கிடைக்கிறது. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். சில இடங்களில் சுரங்கள் தவறும், ஆனால் வாசிப்பில் இருக்கும் துணிவு இன்றைய மேடைகளில் காணக் கிடைக்காதது. அடுத்து மூர், ஃபிஷர்-டீஸ்காவோடு பதிந்த ஷூபர்ட் பாடல்கள். முதல் முறை பாடகரை விட்டுவிட்டு இடது கையை மட்டும் பின்தொடருங்கள். கடைசியாகக் கூல்டின் 1955 பதிவு. அதன் ஐந்தாம் வேரியேஷனில் இரு கைகளும் ஒன்றையொன்று தாண்டிக் குதிக்கும் வேகத்தில், எந்தச் சுரமாவது மழுங்குகிறதா என்று கவனியுங்கள்.